அப்பா பெரிய வீட்டு ஐயாவாக நடித்த நாள்

அந்த இடத்தின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், இதை வாசிக்கும் யாழ்ப்பாணத்தவர்களில் ஒரு பகுதியினர் மிச்சத்தை வாசிக்க மாட்டார்கள். தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது என்று மூடி வைத்துவிடுவார்கள். என் அப்பா பிறந்த ஒழுங்கையின், ஒரு சின்னத் தெருவின், பெயர் அது. ஜேர்மனிக்கு வந்த நாளிலிருந்து, இந்தக் கதை நடந்த வருடம்வரை, அவர் அதை வெளியாட்கள் எவரிடமும் சொன்னதில்லை. சொன்னால் எசன் நகரத் தமிழரிடையே தனக்கிருந்த மரியாதை ஒரே நாளில் போய்விடும் என்று பயந்திருந்தார். இதெல்லாம் பல்கலைக்கழகத்துக்குப் போகும் வயதுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்டது ஓர் ஆங்கில இலக்கிய வகுப்பின் புண்ணியத்தில்.

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் நடுப்பகுதி அது. ரூர் பகுதிப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஆட்களுக்கு அது ஒரு படிப்பே இல்லை. "மகள் இங்கிலீஷ் படிக்கிறா" என்று அம்மா சொன்னபோது, "ஏன், பள்ளிக்கூடத்திலை படிப்பிக்கேல்லையோ?" என்று கேட்ட புண்ணியவதியும் உண்டு. டாக்டர் ஆகாவிட்டால் வங்கியில் ஓர் அவுஸ்பில்டுங், ஒரு தொழிற்பயிற்சியாவது செய்திருக்கலாம் என்று ஞாயிறுதோறும் எவராவது சொல்லிவிட்டுப் போவார்கள்.

அந்த அரையாண்டுச் செமினார், இரண்டாம் உலகப் போருக்குப் பின்வந்த பிரித்தானிய இலக்கியம். போரில் வென்ற நாடு ரொட்டிக்கு வரிசையில் நிற்கிறது. இந்தியா கைவிட்டுப் போகிறது, இலங்கை போகிறது, ஒவ்வொன்றாகப் போகிறது. தோட்டங்களையும் அரசாங்கக் கச்சேரிகளையும் ஆண்ட துரைமார் திரும்பி வந்து, குளிர்ந்துபோன பெரிய வீடுகளில் வேலையாள் கிடைக்காமல் தாங்களே அடுப்பு மூட்டுகிறார்கள். கரீபியன் தீவுகளிலிருந்து வேலைக்கு வந்து இறங்குகிறவர்களுக்கு, அறை வாடகைக்கு இல்லை என்று ஜன்னலில் அட்டை தொங்குகிறது. அரசாங்கம் படிப்பையும் வைத்தியத்தையும் இலவசமாக்குகிறது. சுரங்கத் தொழிலாளியின் மகன் பட்டம் பெற்று, தகப்பன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற வீட்டு வாசலில் போய் மணி அடிக்கிறான். கதவைத் திறப்பார்களா, திறந்தால் எப்படிப் பார்ப்பார்கள் என்பதுதான் அந்தக் காலத்து நாவல்களிலும் நாடகங்களிலும் பாதிக் கதை.

எங்கள் பேராசிரியை கெல்சென்கிர்ச்சனில் நிலக்கரித் தொழிலாளி வீட்டில் பிறந்தவர். இந்த இடத்துக்கு வந்தால் அவருக்குக் குரல் உயர்ந்துவிடும். ஓர் ஆங்கிலேயன் வாயைத் திறந்தால் போதும், மற்ற ஆங்கிலேயனுக்கு அவன் பிறந்த வீதி தெரிந்துவிடும் என்றார். வகுப்பே சிரித்தது. நான் எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தேன். சிரித்ததோடு விட்டேனா? கையை உயர்த்தி ஒரு பிரசங்கமும் செய்தேன். ஜேர்மனியில் உள்ள எங்கள் தமிழரிடம் இந்தக் கூத்து இல்லை, எல்லாரும் ஒரே மாதிரிப் பையோடு ஒரே அகதி முகாமுக்கு வந்தவர்கள், அங்கே ஆசிரியராக இருந்தவரும் மீன் பிடித்தவரும் இங்கே ஒரே உணவகத்தில் கோப்பை கழுவினார்கள் என்றேன். பேராசிரியை மிகவும் சந்தோஷப்பட்டார். இப்போது நினைத்தாலும் என் காது சுடுகிறது.

அந்தக் காலத்தைப் பற்றி நாங்களே ஒரு சிறு நாடகக் காட்சி எழுத வேண்டும் என்பது செமினாரில் ஒரு பயிற்சி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பிய ஒரு துரையை நான் படைத்தேன். அவருக்கு நெஞ்சு வலி. அரசாங்க வைத்தியசாலையிலிருந்து ஓர் இளம் டாக்டர் வீட்டுக்கு வருகிறார். துரைக்கு அவரைப் பிடித்துவிடுகிறது. எந்த ஊர், எந்த வீதி என்று விசாரிக்கிறார். டாக்டர் வீதியின் பெயரைச் சொல்கிறார். அது இந்த வீட்டுக்குக் கரி மூட்டை சுமந்துவந்தவர்களின் வீதி. துரை மிக மரியாதையாக, "அடுத்த முறை பின்பக்கத்தால் வாருங்கள்" என்கிறார். அவ்வளவுதான் காட்சி. நல்ல புள்ளிகள் கிடைத்தன.

அந்த வருடம் ஒளிவிழாவுக்கு என்னிடம் ஒரு நாடகம் கேட்டார்கள். நத்தாருக்கு முன் எங்கள் கத்தோலிக்கர் கூடிப் பாட்டு, நடனம், நாடகம் என்று வைக்கும் விழா அது. எசனில் ஒரு ஜேர்மன் பங்கின் மண்டபத்தில் நடக்கும். ஒவ்வொரு வருடமும் சின்னப் பிள்ளைகளுக்குப் போர்வையைப் போர்த்தி இடையர் ஆக்கி பெத்லகேமை ஓட்டுவது வழக்கம். "பிள்ளை, நீர் இலக்கியம் படிக்கிறனீர், புதுசா ஏதும் செய்யுமன்" என்று கேட்டவர், விழாவை நடத்தும் சங்கத்தின் தலைவர். எங்களுக்கு உறவு இல்லை, ஆனாலும் நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் சாப்பிட்டவர். கதவைத் திறக்கும்போதே "தங்கச்சி, தேத்தண்ணியைப் போடு" என்று அம்மாவுக்குக் குரல் கொடுத்துக்கொண்டு வருவார்.

அப்பா ஒரு பெரிய வெதுப்பகத்தில் பாண் சுடும் போறணையடியில் வேலை செய்தார். ஆனால் அவரைக் கேட்டால் தான் நடிகன் என்றுதான் சொல்வார். கூத்துப் பாட்டு ஒன்று பாதியில் நின்றால் மிச்சத்தைப் பாடி முடிக்காமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. தமிழ்ப் பூசையில் பாட்டைத் தொடங்குவது அவர், செத்த வீட்டில் ஒப்பாரிபோல் இழுத்துப் பாடி எல்லாரையும் அழவைப்பதும் அவர். விழா வருகிறதென்றால் மீசைக்கு மை பூசி, கண்ணாடிக்கு முன் நின்று, குளியலறைக் கதவை எங்களுக்குத் திறக்க மாட்டார். அந்த மரியாதைதான் அவருடைய சொத்து. ஊரில் எவடம் என்று எவரும் கேட்டால், "டவுனுக்குக் கிட்ட" என்று சொல்லிவிட்டுப் பாட்டுக்குப் போய்விடுவார். அது ஒரு தந்திரம் என்று எனக்கு எப்படித் தெரியும்?

என் காட்சியைத் தமிழுக்குக் கொண்டுவர அதிகம் கஷ்டப்படவில்லை. வெள்ளைக்காரத் துரை, மலாயாவில் உத்தியோகம் பார்த்துப் பென்சனோடு யாழ்ப்பாணம் திரும்பிய பெரிய வீட்டு ஐயா ஆனார். ஐம்பதுகளில் அப்படியானவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். கரி மூட்டை விறகுக் கட்டு ஆனது. பின்கதவு பின்படலை ஆனது. டாக்டர் சொல்லும் இடத்துக்கு மட்டும் ஒரு பெயர் தேவைப்பட்டது. லண்டனில் இருக்கும் மாமி, அப்பாவின் தங்கை, தொலைபேசியில் அடிக்கடி ஓர் ஒழுங்கையின் பெயரைச் சொல்வார். அங்கேதான் அப்பாவும் தானும் பிறந்தது என்பார். கேட்க வடிவான பெயர். அப்பாவுக்கு ஓர் ஆச்சரியமாக இருக்கட்டும் என்று அதையே போட்டேன்.

எங்கள் நாடகங்களில் முழுப் பிரதியை எவருக்கும் கொடுப்பதில்லை. கூத்துக் காலத்துப் பழக்கம். அவரவருக்கு அவரவர் வசனம், அதற்கு முன்வரும் கடைசிச் சொல், அவ்வளவுதான். ஐயாவாக நடித்தது அப்பா. அவருடைய தாளில், "ஊரிலை எவடம் நீர்?" என்று அவர் கேட்பது இருந்தது, அதற்கு வரும் பதில் இல்லை. "அவன் இடத்தைச் சொல்லுவான், அதுக்குப் பிறகு நீங்கள்" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். டாக்டராக நடித்த பையன் இங்கே பிறந்தவன். அவனுக்கு அது, பீலெஃபெல்ட் என்ற ஜேர்மன் ஊரின் பெயர்போல் வெறும் ஒரு பெயர்.

ஒத்திகை மண்டபத்தில் நடந்தது. பெண்கள் ஒரு மேசையில் சிற்றுண்டிக்கு ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்தார்கள். தலைவர் மாமா முன்கதிரையில் கால்மேல் கால் போட்டு இருந்தார். அப்பா சாய்மனைக் கதிரையில் சரிந்து, நெஞ்சைத் தடவிக்கொண்டு அழகாகக் கேட்டார்: "தம்பி டொக்டர், உம்மடை மருந்து நல்லாத்தான் வேலை செய்யுது. ஊரிலை எவடம் நீர்?"

பையன் கணீரென்று அந்தப் பெயரைச் சொன்னான்.

அப்பா அடுத்த வசனத்தைச் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார். மறந்துவிட்டார் என்று நினைத்து நான் பக்கத்திலிருந்து சத்தமாக எடுத்துக் கொடுத்தேன்: "அப்பிடியோ. இனிமேல் வரேக்கை பின்படலையாலை வாரும்." அப்பா அதைச் சொன்னார். பிள்ளைகள் பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னார். ரோல்ஸ் மேசையில் ஒரு கையும் அசையவில்லை.

"பிள்ளை," என்றார் தலைவர் மாமா, "உந்த இடம் உமக்கு எப்பிடித் தெரியும்?"

"அது அப்பா பிறந்த இடம், மாமா" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

"அப்பிடியோ" என்றார் அவர். நான் எழுதியிருந்த அதே சொல். நான் எழுதியிருந்த அதே மரியாதை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார். பக்கத்து வீட்டில் இருந்தவர் ஒரு போலந்துக்காரர், அவருக்குத் தமிழ் தெரியவே தெரியாது, அம்மா அப்படியும் குழாயைத் திறந்தார். "அந்தப் பேரைச் சொன்னால் நாங்கள் என்ன ஆக்கள் எண்டு தெரிஞ்சுபோமெல்லோ" என்றார்.

"என்ன ஆக்கள்?"

அம்மா ஒரு சொல்லைச் சொன்னார். அந்தச் சொல்லை நான் அதற்கு முன் கேட்டிருந்தது தமிழ்ப் பாடசாலையின் முற்றத்தில், பெடியள் சண்டை பிடிக்கும்போது, ஒரு வசவாக மட்டும்தான். அது மனிதருக்கு இருக்கும் ஓர் அடையாளம் என்றுகூட எனக்குத் தெரியாது. இப்போது அம்மா அதைச் சொல்லி, அது நாங்கள்தான் என்கிறார். நான் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். செமினாரில் நான் செய்த பிரசங்கம் நினைவுக்கு வந்தது.

நான் எவரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. எதற்குக் கேட்பது? என் தகப்பன் பிறந்த இடத்தைச் சொன்னதற்கா? ஆனால் அப்பாவின் முகத்தை அந்த வாரம் முழுக்க என்னால் பார்க்க முடியவில்லை. அவர் என்னை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வேலைக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார். பாடவில்லை.

அடுத்த சனிக்கிழமை தலைவர் மாமா தனியாக வந்தார். மணி அடித்துவிட்டு, கதவு திறக்கும்வரை பேசாமல் நின்றார். அம்மா அவர் குரலுக்குக் காத்திராமல் ஏற்கெனவே தேத்தண்ணீர் போட்டிருந்தார். கொண்டுவந்து வைத்தார்.

"வேண்டாம் தங்கச்சி. இப்பதான் குடிச்சிட்டு வாறன்."

அந்த மனிதர் எங்கள் வீட்டில் தேத்தண்ணீர் வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. ஒருமுறை காய்ச்சலோடு வந்து இரண்டு கோப்பை குடித்துவிட்டுப் போனவர். நான் அந்தக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பால் ஆடை படிந்தது.

அவர் நல்ல மாதிரித்தான் பேசினார். "இஞ்சை பிறந்த பிள்ளையளுக்கு உதுகள் ஏன் தெரியவேணும்? அந்தப் பேரை மாத்துவம். கற்பனையா ஒரு பேர் போட்டால் காணும். உங்களுக்காகத்தான் சொல்லுறன்." பிறகு, எழுந்துகொண்டே, "மற்றது, பூசைப் பாட்டுக்கும் இனிப் பெடியள் வரட்டுமே. நீங்களும் பாவம், வேலையாலை களைச்சு வாறியள்" என்றார்.

எனக்கு வாய்க்கு வந்தபடி கேட்கவேண்டும் போல் இருந்தது. வாயைத் திறந்தேன். அப்பா என்னைப் பார்த்து ஒரு கையை உயர்த்தினார். "ஓம் அண்ணை" என்றார் அவரிடம். "அப்பிடியே செய்வம்."

அவர் போனபின் அம்மா கோப்பையை எடுத்துக் கழுவினார். அழுதுகொண்டே கழுவினார். அந்த ஞாயிறு எங்கள் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. தொலைபேசியும் அடிக்கவில்லை. ஒரு சண்டை இல்லை, ஒரு கடுஞ்சொல் இல்லை. இவ்வளவு மரியாதையாக ஒரு மனிதரைத் தள்ளி வைக்க முடியும் என்பதை நம்பவே எனக்குப் பல நாள் பிடித்தது.

பேராசிரியையிடம் போய் நடந்ததைச் சொன்னேன். வேறு எவரிடம் சொல்ல? கண் விரியக் கேட்டார். கேட்டு முடித்ததும், "இது அருமையான விஷயம். இரண்டையும் ஒப்பிட்டு உன் ஆய்வுக் கட்டுரையை எழுது" என்றார். நல்ல பெண்மணி, மனதார எனக்கு உதவத்தான் நினைத்தார். நான் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். டிராமில் வரும்போது நாங்கள் படித்த நாவல்களை யோசித்தேன். அவற்றில் அவமானப்பட்ட பிள்ளை கடைசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லண்டனுக்கு ரயில் ஏறுவான். அங்கே ஒருவருக்கும் அவனைத் தெரியாது, புதிதாகத் தொடங்கலாம். அப்பா எந்த ரயிலில் ஏறுவது? அவர் ஏற்கெனவே ஏறி, வந்து இறங்கிய இடம்தான் இது.

விழாவுக்குக் கொஞ்ச நாள் முன் அப்பா சமையலறை மேசையில் இருந்து என்னைக் கூப்பிட்டார். "நாடகத்தை முழுசாத் தா" என்றார். கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டு ஆறுதலாக வாசித்தார். "இது இங்கிலீசிலை எப்பிடி இருந்தது?" என்று கேட்டார். துரையையும் கரி மூட்டையையும் பற்றிச் சொன்னேன்.

"வெள்ளைக்காரருக்கையும் உது இருக்கோ?"

"ஓம் அப்பா. நல்லா இருந்தது."

அப்பா சிரித்தார். அந்த இரண்டு வாரத்தில் முதல் சிரிப்பு. "நான் துரைமாரைப் பற்றிப் பெரிசா எல்லோ நினைச்சிருந்தன்" என்றார்.

"போகாதேங்கோ. சுகமில்லை எண்டு சொல்லுங்கோ" என்று அம்மா கெஞ்சினார். பேரைத்தான் மாற்றியாயிற்றே, இனி ஏன் அந்தச் சனத்துக்கு முன்னால் போய் நிற்க வேண்டும் என்று கேட்டார். எனக்கும் அதே எண்ணம்தான். விழாவன்று அப்பா குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு மீசைக்கு மை பூசினார்.

மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் ஜேர்மன் பங்குத் தந்தை, பக்கத்தில் தலைவர் மாமா, அவர் மனைவி. அம்மாவுக்கு இரு பக்கமும் கதிரைகள் வெறுமையாக இருந்தன. சனம் கூடிய மண்டபத்தில் அங்கே மட்டும் இடம் இருந்தது. நான் திரைக்குப் பக்கத்தில் பிரதியோடு நின்றேன். நாடகம் நன்றாகவே போனது. அப்பா நெஞ்சைத் தடவினார், இருமினார், சனம் சிரித்தது. பிறகு அந்தக் கேள்வி வந்தது.

"ஊரிலை எவடம் நீர்?"

பையன் கற்பனைப் பெயரைச் சொன்னான். நாங்கள் பழக்கியபடி சரியாகச் சொன்னான்.

"கேக்கேல்லை" என்றார் அப்பா.

பையன் திகைத்து இன்னொரு முறை சொன்னான். அப்பா கதிரையிலிருந்து எழுந்தார். எழுவது என் பிரதியில் இல்லை. பையனைச் சுற்றி ஒருமுறை நடந்தார். "பொய் சொல்லாதையும். முகத்தைப் பார்த்தாலே தெரியுது" என்று சொல்லி, அந்தப் பெயரை, உண்மையான பெயரை, தன் வாயால் சொன்னார். "அங்கத்தை ஆள்தானே நீ?"

அதன்பின் அப்பா பேசியது எதையும் நான் எழுதவில்லை. குரலும் அப்பாவுடையது இல்லை. மெல்லிய, ஆறுதலான, கிட்டத்தட்ட அன்பான குரல். "விறகு கொத்துறவன்ரை மூத்தவன் எல்லோ? படிச்சிட்டாய். நல்லது ராசா. கொப்பன் கிணத்தடிக்கு வாறேல்லை, தெரியுமோ? தண்ணி கேட்டால் நாங்கள் மேலை நிண்டு வார்ப்பம், அவன் கையை ஏந்திக் குடிப்பான். நல்ல மனிசன். தோளிலை துண்டு கிடந்தால் படலையடியிலையே எடுத்துக் கக்கத்துக்கை வைப்பான். நீ கழுத்திலை என்ன கொழுவிக்கொண்டு நிக்கிறாய்? கழட்டு ராசா. கழட்டிக் கையிலை பிடி."

பையன் நடிக்கவில்லை. உண்மையாகவே பயந்துபோய், கழுத்தில் இருந்த ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றான். இங்கே பிறந்த பிள்ளை. ஒருவரும் அவனுக்கு அப்படி நிற்கக் கற்றுக்கொடுத்ததில்லை.

நான் முன்வரிசையைப் பார்த்தேன். தலைவர் மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அவர் மனைவி அவர் கையைப் பிடித்திருந்தார். மற்றவர்கள் கதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் வேறு எதையோ கேட்டுக்கொண்டிருந்தவர்போல் இருந்தார். அப்பா கடைசியாக அவரை நேரே பார்த்து, "போட்டு வா ராசா. பின்பக்கத்தாலை" என்றார். திரையை இழுக்க வேண்டியவள் நான், பிந்தித்தான் இழுத்தேன்.

முதலில் கை தட்டியவர் பங்குத் தந்தை. அவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் நல்ல நடிப்பு என்பது விளங்கியிருந்தது. எழுந்து நின்று தட்டினார். அவருக்குப் பின்னால் இளம் பிள்ளைகள் தட்டினார்கள். பெரியவர்கள் சிலர் தட்டினார்கள், சிலர் பிள்ளைகளுக்குச் சப்பாத்து மாட்டுவதில் மும்முரமானார்கள். தலைவர் மாமா நன்றியுரை சொல்ல மேடைக்கு வரவில்லை.

நாங்கள் சாப்பாட்டுக்கு நிற்காமல் கிளம்பினோம். மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது, மழை தூறிக்கொண்டிருந்தது. அப்பா காரை ஓட்டினார். மீசை மை வியர்வையில் கொஞ்சம் கரைந்து உதட்டோரம் இறங்கியிருந்தது. கடைசியில் என்னால் அடக்க முடியவில்லை.

"அப்பா, அது ஆரின்ரை குரல்?"

"தலைவரின்ரை தகப்பன்ரை" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்திருந்தது என்பது அந்த இருப்பிலேயே தெரிந்தது. அப்பா சாதாரணமாகச் சொன்னார். அந்தப் பெரிய வீடு அவர்களுடைய ஒழுங்கைக்குக் கொஞ்சத் தூரத்தில்தான். ஒரே கோயில். அவர்கள் முன்வரிசை வாங்கில், இவர்கள் பின்னுக்கு நிலத்தில். அப்பாவின் தகப்பன் அந்த வீட்டுக்கு விறகு கொத்தினார். அப்பா சின்ன வயதில் கூடப் போய்ப் படலைக்கு வெளியே நிற்பார். அங்கே நின்று கேட்ட குரல் அது.

"அப்ப அவருக்கு உங்களைத் தெரியாதோ?"

"எங்களை அவைக்குத் தெரியாது பிள்ளை. அவையை எங்களுக்குத் தெரியும்."

"உங்களுக்கு எப்பவிலையிருந்து தெரியும்?"

"கண்ட அண்டைக்கே. பேரையும் தகப்பன்ரை பேரையும் சொன்னவர்."

நான் கத்தினேன். காருக்குள் அப்படிக் கத்தியது இன்றும் எனக்குக் கேட்கிறது. தெரிந்துமா இவ்வளவு காலம் அந்த மனிதரை வீட்டுக்குள் விட்டீர்கள், தெரிந்துமா அண்ணை அண்ணை என்று பின்னால் திரிந்தீர்கள், தெரிந்துமா அம்மா ஆக்கிப் போட்டார் என்று கேட்டேன். வெட்கமில்லையா என்றும் கேட்டேன். அப்பா சிவப்பு விளக்கில் காரை நிறுத்தினார். கோபப்படவில்லை. கண்ணாடியில் ஓடும் துடைப்பானைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"முகாமுக்கு வந்து இறங்கேக்கை எனக்கு ஒரு குருவியையும் தெரியாது. பாசையும் இல்லை. குளிர். ஒரு மூலையிலை குந்திக்கொண்டு இருந்தன். தமிழிலை வந்து கதைச்ச முதல் ஆள் அவர்தான். ஓம், ஊரிலை எவடம் எண்டு அவரும் கேட்டவர்தான். ஆனால் அதுக்கு முதல், சாப்பிட்டனீரோ எண்டு கேட்டவர்."